ராஜசாரஸுக்கும் ஓர் இடம் கொடுங்கள்!

சிவாஜிநகர்வாசிகளுக்குச் சத்தம் ஒரு பொருட்டல்ல. ரஸ்ஸல் மார்க்கெட் வியாபாரிகளின் கூவல், பேருந்து நிலையத்தின் ஹாரன், செப்டம்பர் மாதம் வந்தால் மரியன்னை பேராலயத் திருவிழாவின் ஜனத்திரள் என்று எல்லாவற்றோடும் வாழப் பழகியவர்கள் நாங்கள். அதிலும் நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில் காலம் தள்ளியவன். அப்படிப்பட்ட என்னையே ஒரு சனிக்கிழமை மாலைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டது எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து வந்த ஒரு கூச்சல்.

"பதினேழு! பதினேழு விழுந்திருச்சு! டைனோசருக்கு அடி!"

எழுந்து போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் பேரனும் அவன் கூட்டாளிகள் நால்வரும். மேசையில் கட்டம் போட்ட காகிதம், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட வண்ணவண்ணப் பகடைகள். நடுவில், கமர்ஷியல் தெரு நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் துணைவியார், "இப்படித்தாங்க ரெண்டு மணி நேரமா கத்திக்கிட்டு இருக்காங்க" என்று புகார் சொல்லிக்கொண்டே அவர்களுக்கு முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கிய ஒரு சிந்தனையைத்தான் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன். கடந்த செயற்குழுக் கூட்டத்தில் இதை வாய்மொழியாகச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலர் ஆட்சேபித்தார்கள். இருவருக்கும் சேர்த்தே இக்கட்டுரை.

இது என்ன விளையாட்டு?

முதலில் விளையாட்டை விளக்கிவிடுகிறேன். எனக்கே புரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மருத்துவச்சி, ஒருவன் வழிகாட்டி என்று. "நீங்கள் காட்டுக்குள் நுழைகிறீர்கள். புதருக்குள் ஏதோ அசைகிறது. என்ன செய்வீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்கிறார். ஓடலாம், ஒளியலாம், சண்டையிடலாம். நினைத்தது நடந்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. கதை வளர்ந்துகொண்டே போகிறது.

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். அதில் வரும் விலங்குகளுக்கும் பூதங்களுக்கும் தனியாக ஒரு பெரிய புத்தகம் 1977-இல் வந்தது. டைனோசர்கள் அதிலேயே இடம் பிடித்துவிட்டன. ஒவ்வொரு பிராணிக்கும் எத்தனை அடி தாங்கும், கவசம் எவ்வளவு, ஒரு சுற்றில் எத்தனை அடி தூரம் நகரும், கடித்தால் என்ன சேதம் என்று கணக்கு இருக்கிறது.

கணக்கு என்றதும் எனக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. டிப்ளமோ படித்த காலத்துப் புத்தி! பேரனிடம் டைரனோசாரஸின் கணக்கைக் கேட்டேன். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அதற்கு 136 உயிர்ப்புள்ளிகள். ஒரு சுற்றில் 50 அடி நகரும். ஒரு சுற்று என்பது 6 விநாடி. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 9 கிலோமீட்டர் வருகிறது. முழு மூச்சாக விரைந்தால் விதிப்படி இரட்டிப்பு, அதாவது 18 கிலோமீட்டர். நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவனின் வேகம்.

"என்னப்பா, சினிமாவில் ஜீப்பைத் துரத்துகிறதே?" என்றேன். பிறகு படித்துப் பார்த்தபோது சினிமாதான் தவறு என்று தெரிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2017-இல் கணிப்பொறியில் மாதிரி செய்து பார்த்து, முழு வளர்ச்சியடைந்த டைரனோசாரஸ் ஓடியிருந்தால் அதன் கால் எலும்புகளே தாங்கியிருக்காது, விரைந்து நடக்கத்தான் முடிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பாலத்துக்கு மேல் வண்டிக்கு ஏன் வேகக் கட்டுப்பாடு வைக்கிறோமோ அதே காரணம். விளையாட்டுக்காரர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, கணக்கு உண்மைக்கு அருகில் வந்து நிற்கிறது.

என்னைச் சுட்ட ஒரு கேள்வி

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். அடுத்து நடந்தது வேடிக்கையல்ல. "எல்லாம் அமெரிக்கப் பிராணியாகவே இருக்கிறதே, நம்ம ஊர்ப் பிராணி ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டேன். பேரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நம்ம ஊர்ல டைனோசர் ஏது தாத்தா?" என்றான்.

பெங்களூரைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். லால்பாக் பாறையின் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். டைனோசர் மட்டுமல்ல, எலும்புள்ள எந்தப் பிராணியும் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே உறைந்துவிட்ட கல் அது. இங்கே தோண்டினால் எலும்பு கிடைக்காது.

ஆனால் 'நம்ம ஊர்' என்று நான் கேட்டது வேறு. ரயில்வேயில் சேர்ந்த புதிதில், 1980-களின் பிற்பகுதியில், அரியலூர்ப் பகுதியில் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். அப்போது அது மீட்டர் கேஜ். தள்ளு டிராலியில் கார்டு லைனில் போய்வருவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, அதன் பொறுப்பை ஏற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தாரே, அதே பகுதிதான். மழைக்காலத்தில் அந்தப் பகுதி ஊழியர்கள் நிம்மதியாகத் தூங்குவதில்லை. "மழை பெய்தால் மண்ணை நம்பாதே" என்பதுதான் அங்கே மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

ஒரு நாள் கேங்மேன் ஒருவர் ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கிடாவின் கொம்பு போலச் சுருண்டிருந்தது. "பெருமாள் கல்லுங்க சார், சாளக்கிராமம் மாதிரி இருக்கு பாருங்க" என்றார். நானும் "ஓகோ" என்று வாங்கி மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டேன். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்கவில்லை. மாற்றல் உத்தரவு வந்தபோது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது அம்மோனைட் என்னும் கடல்பிராணியின் புதைபடிவம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்புதான் எனக்குத் தெரிந்தது. சாளக்கிராமமும் அதே இனத்துப் புதைபடிவம்தான். கேங்மேன் சொன்ன ஒப்புமை என் படிப்பைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது! சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்தது. இன்று சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லெல்லாம் அந்தக் கடலின் சொத்து. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள்.

கரைந்துபோன எலும்பு

அரியலூர்ப் பக்கத்திலேயே கல்லமேடு என்ற ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை 1980-களின் இறுதியில் விவரித்து, 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பிருகத் காயம், அதாவது பேருடல் என்ற நம் சொற்கள்தான். கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். உலகப் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கே கீழ்க்கால் எலும்பு சுமார் ஒன்றரை மீட்டர்தான். அளவு சரி என்றால் உலகின் மிகப் பெரிய தரைப் பிராணிகளில் ஒன்று நம் தமிழ்நாட்டில் நடமாடியிருக்கிறது.

ஆனால் இன்று அந்த எலும்பைப் பார்க்க முடியாது. மழையில் ஊறிய மென்களிமண்ணில் கிடந்த எலும்புகள் பாதுகாக்கப்படுவதற்கு முன்பே பொடிந்து சிதைந்துவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும் மட்டுமே. பழைய புகைப்படங்களை வைத்து 2022-இல்கூட ஒரு கட்டுரை வந்தது. எலும்பே கையில் இல்லாததால் உலக அறிஞர்கள் அதைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கியபடியே இருக்கிறார்கள்.

அதே அறிஞர்கள் 1979-இல் 'திராவிடோசாரஸ்' என்று ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்றார்கள். 1990-களில் வேறு அறிஞர்கள், இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் சிதைந்த எலும்புகள் என்றார்கள். 2017-இல் மறுபடி இல்லை, டைனோசர்தான் என்று மறுப்பு வந்தது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். அவன் கேட்ட ஒரே கேள்வி: "அந்த எலும்பை ஏன் தாத்தா யாரும் பத்திரமா வைக்கலை?" என் மேசைமேல் இருந்த கல் நினைவுக்கு வந்தது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

நம் பிராணிகளை மேசைக்கு அழைத்தோம்

அடுத்த சில வாரங்கள் தாத்தாவும் பேரனும் ஒரு வேலையில் இறங்கினோம். இந்தியாவில் கிடைத்த தொல்பிராணிகளை அந்த விளையாட்டுக்கு ஏற்ற அட்டைகளாக, தமிழில், எழுதுவது என்று முடிவு செய்தோம். தேடத் தேட எனக்கே வியப்பு.

1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி எலும்புகளைக் கண்டெடுத்தார். தக்கர் கொள்ளையரை ஒடுக்கியவர் என்று சரித்திரத்தில் படித்தோமே, அவரேதான். அப்போது 'டைனோசர்' என்ற சொல்லே பிறக்கவில்லை. 1877-இல் லிடெக்கர் என்பவர் ஜபல்பூர் எலும்புகளுக்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். உலகெங்கும் நீண்ட கழுத்துள்ள ஒரு பெருங்கூட்டத்தை இன்று 'டைட்டனோசார்' என்கிறார்களே, அந்தப் பெயரின் பிறந்த வீடு ஜபல்பூர்!

குஜராத்தில் ரகியோலி என்ற ஊரில் 1980-களில் தோண்டியெடுத்த எலும்புகளுக்கு 2003-இல் 'ராஜசாரஸ் நர்மதென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நெற்றியில் ஒரு குட்டைக் கொம்பு, வலுவான கழுத்து, ஊன் தின்னும் வாய். அதே மாநிலத்தில் ஒரு டைட்டனோசார் கூட்டில், முட்டைகளுக்கும் அப்போதுதான் பொரிந்த குஞ்சுக்கும் பக்கத்தில், சுருண்டபடியே கல்லாகிப்போன ஒரு பாம்பு கிடைத்தது. மூன்றரை மீட்டர் நீளம். 'சனாஜே' என்று 2010-இல் பெயரிட்டார்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த 'பாராபாசாரஸ் தாகூரை' கவி தாகூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கட்ச் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு பாம்புக்கு 2024-இல் நம் பாற்கடல் கதையின் 'வாசுகி'யின் பெயரையே வைத்தார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள்.

பேரன் உற்சாகத்தில் ராஜசாரஸையும் வாசுகியையும் பாராபாசாரஸையும் ஒரே காட்டில் மோதவிட்டான். அங்கேதான் தாத்தா சிவப்புக் கொடி காட்ட வேண்டியதாயிற்று. ராஜசாரஸ் வாழ்ந்தது சுமார் 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன். வாசுகி 4.7 கோடி. பாராபாசாரஸ் ஏறத்தாழ 18 கோடி. அதாவது ராஜசாரஸுக்கும் பாராபாசாரஸுக்கும் இடையே உள்ள காலம், ராஜசாரஸுக்கும் நமக்கும் இடையே உள்ள காலத்தைவிட அதிகம்! வெவ்வேறு நூற்றாண்டின் கால அட்டவணைகளை ஒன்றாகத் தைத்து வண்டி விடுவது போலத்தான் இது. பேரன் சற்று யோசித்து, "அப்போ மூணு தனித்தனிக் கதையா வச்சுக்கலாம்" என்றான்.

அடுத்த சிக்கல் ராஜசாரஸின் உயிர்ப்புள்ளி. டைரனோசாரஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 136 புள்ளி. ராஜசாரஸ் சுமார் 6.6 மீட்டர் என்று ஒரு மதிப்பீடு. "பாதி நீளம், அதனால பாதிப் புள்ளி, 68" என்றான். அப்படியல்ல என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நீளம் பாதியானால் அகலமும் உயரமும் பாதியாகும். ஆகவே எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். 136-ஐ எட்டால் வகுத்தால் 17. "பதினேழா! ஒரே அடியில செத்துடும் தாத்தா!" என்று அலறினான். எடை எட்டில் ஒன்று, ஆனால் எலும்பின் குறுக்குவெட்டு நான்கில் ஒன்றாகத்தான் குறையும். வலிமை குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே 34 கொடுக்கலாம் என்றேன். அதுவும் அவனுக்குச் சம்மதமில்லை. பேரம் பேசி 60-இல் முடித்தோம். ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கனம், பரப்பு என்ற விதியைச் சனிக்கிழமை மாலையில் தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அட்டையின் மூன்று பத்திகள்

அந்த 60-இல் எவ்வளவு உண்மை, எவ்வளவு பேரம்? இதற்காகத்தான் அட்டையில் மூன்று பத்திகள் வைத்தோம். முதல் பத்தி 'எலும்பு': கண்ணால் கண்ட சான்று உள்ளவை மட்டும். நெற்றிக் கொம்பு, கிடைத்த இடம், காலம். இரண்டாம் பத்தி 'கணிப்பு': அறிஞர்கள் ஒப்பிட்டு மதிப்பிட்டவை. மொத்த நீளம், மிகச் சிறிய கைகள். இந்த வகை டைனோசர்களில் கைகள் உதவாக்கரை என்பதால் 'கையால் தாக்குதல்: இல்லை' என்று எழுதினோம். மூன்றாம் பத்தி 'கற்பனை': நாங்களாகச் சேர்த்தவை. தோலின் நிறம், உறுமல், 60 உயிர்ப்புள்ளி எல்லாம் அங்கே.

கற்பனை கூடாது என்பதல்ல என் கட்சி. அந்த மூல விளையாட்டின் ஒரு சுவையான கதை உண்டு. ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளை, 'பழங்காலப் பிராணிகள்' என்று சொல்லி விற்றவற்றை, கைகாக்ஸ் கடையில் வாங்கி மேசையில் வைத்தார். எந்தப் பழங்காலத்திலும் இல்லாத அந்த விசித்திர உருவங்களிலிருந்துதான் அந்த விளையாட்டின் பிரபலமான பூதங்கள் சில பிறந்தன. இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதம் அதில் ஒன்று. ரயில்வேக்காரனான எனக்கு அதைக் கேட்டதும் வயிறு கலங்கியது வேறு விஷயம்! கற்பனை கற்பனையாகவே வரட்டும், நல்லதுதான். ஆனால் உண்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. அந்த விளையாட்டுப் புத்தகம்கூட பறக்கும் டெரனோடானையும் நீந்தும் பிளீசியோசாரஸையும் டைனோசர் தலைப்பிலேயே போட்டிருக்கிறது. இரண்டும் டைனோசர் அல்ல. சினிமாவின் வெலாசிராப்டர் ஆள் உயரம். நிஜத்தில் அது வான்கோழி அளவு, இறகும் இருந்ததற்கு 2007-இல் எலும்பிலேயே சான்று கிடைத்தது. குழந்தைகள் இந்தப் பிழைகளைப் பாடமாகவே மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆட்சேபங்களுக்குப் பதில்

செயற்குழுவில் மூன்று ஆட்சேபங்கள் வந்தன. 'பகடை உருட்டுவது சூதாட்டம், சங்கத்தில் வேண்டாம்' என்றார் ஒரு பெரியவர். தருமர் கதையை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் பணயம் வைத்தால்தான் அது சூது. நம் பாட்டிமார் திண்ணையில் தாயம் உருட்டியதும், வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்துப் பரமபதம் ஆடியதும் சூதா? பாம்பு கடித்தால் இறங்கி, ஏணி கிடைத்தால் ஏறி, கடைசியில் வைகுண்டம் போனோமே, அதுவும் பகடையால் நடந்த கதைதானே?

'நமக்கு யாளி இருக்கும்போது டைனோசர் எதற்கு?' என்றார் இன்னொரு நண்பர். யாளியும் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் அதன் அட்டையில் 'எலும்பு' என்ற பத்தி காலியாகத்தான் இருக்கும். அது சிற்பியின் கைவண்ணம். அதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. யாளி நிஜமாகவே வாழ்ந்தது, அறிவியல் மறைக்கிறது என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது. நிஜமாகவே வாழ்ந்த கல்லமேட்டுப் பிராணியின் எலும்பைப் பாதுகாக்காமல் இழந்துவிட்டோம். வாழாத ஒன்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம். இது பெருமையா?

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. 'தமிழ்ச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்றார்கள். நண்பர்களே, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வருகிற குழந்தைகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். தண்டு பகுதிக்கு நம் முன்னோர் பட்டாளத்தோடும் ரயிலோடும் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. என் பேரனும் அப்படித்தான் இருந்தான். 'அ'வுக்கு அம்மா, 'ஆ'வுக்கு ஆடு என்று பத்தாம் வகுப்புப் பையனை உட்காரவைத்தால் எப்படி உட்காருவான்?

ஒரு ஞாயிறு நடந்தது

சோதனையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயே ஒரு கதையை நடத்தினோம். நர்மதைக் கரை, டைட்டனோசார் கூடு, காவலுக்குத் தாய் இல்லை, சனாஜே பாம்பு நெருங்குகிறது. அட்டை முழுவதும் தமிழ். படிக்காவிட்டால் பாம்பின் பலவீனம் தெரியாது. பேரன் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். "வா... வாயை... மலைப்பாம்பு போல அகலத் திறக்க முடியாது." படித்துவிட்டு நிமிர்ந்தான். "அப்போ முட்டையை அதால முழுங்க முடியாது! குஞ்சைத்தான் பிடிக்கும்! பொரியாத முட்டையை விட்டுட்டுக் குஞ்சை மட்டும் காப்பாத்துவோம்!" என்று கத்தினான். இது எங்கள் கற்பனையல்ல, ஆய்வாளர்கள் அந்தப் பாம்பின் மண்டையோட்டை வைத்துச் சொன்னதுதான். கீழ்வீட்டுச் சிறுமிக்கு வீட்டில் உருது, பள்ளியில் கன்னடம். அவளும் ஆட்டத்தில் இருந்தாள். 'முட்டை', 'குஞ்சு', 'கூடு' என்ற மூன்று தமிழ்ச் சொற்களோடு வீடு திரும்பினாள்.

ஆட்டம் முடிந்ததும் பேரன் ஒரு புது அட்டை எழுதினான். புருகத்காயோசாரஸ். 'கணிப்பு' பத்தியில் 'மிகப் பெரியது' என்று எழுதினான். 'எலும்பு' என்ற பத்திக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு கோணல்மாணலான தமிழ் எழுத்தில் 'இருந்தது' என்று எழுதினான். அவன் தமிழில் தானாக எழுதிய முதல் சொல் அது என்று என் துணைவியார் சொன்னார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், சங்கத்தின் சிறிய அறையை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். பகடையும் அட்டையும் என் செலவு. ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைச் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் அரியலூர்ப் பக்கத்துக்கும் அழைத்துப் போவோம். அங்கே எந்தக் குழந்தையாவது ஒரு சுருண்ட கல்லைக் கண்டால், அது அதைப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, "இது என்ன?" என்று தெரிந்தவரிடம் கேட்கட்டும். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மறுப்புள்ள அன்பர்கள் தயங்காமல் எழுதலாம். நேரில் வந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.